அக்கரைக் கோயிலுக்கு ஒரு பயணத் திட்டம்

குலச்சிறை நாயனார் அவதரித்த மணமேல்குடியில் பிறந்து, 72 ஆண்டுகளாக இந்தக் கடற்காற்றிலேயே வாழ்ந்து வருபவன் அடியேன். கிழக்கே நோக்கினால் நீர்ப்பரப்பு. அதற்கு அப்பால் ஈழம். நேர்கோட்டில் அளந்தால் காங்கேசன்துறை இங்கிருந்து 100 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆயினும் இதுநாள் வரை அடியேன் அக்கரையை மிதித்ததில்லை.

என் தந்தையார் மிதித்தவர். கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு கடையில் கணக்கு எழுதிப் பிழைத்தார். இராமநாதபுரம் சென்று போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடியும் ரயில் பிடிப்பார். 1914இல் தொடங்கிய அந்த வழி, 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு முறிந்தது. அந்த ரயில் திருக்கேதீச்சரத்தின் அருகாகவே செல்லும். ஆனால் அது இரவு வண்டி. "எத்தனை முறை போனேன், ஒருமுறைகூட இறங்கவில்லையே" என்று தம் கடைசி நாட்களில் திண்ணையில் அமர்ந்து சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அந்தக் குறை இப்போது அடியேனிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விடப்பட்டு, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அச்செய்தியைப் படித்த அன்றே பேரனை அழைத்து, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன்.

முதலில் குழுவாக அழைத்துச் செல்லும் ஒரு நிறுவனத்தை நாடினோம். அவர்கள் தந்த தாளில் கடைகளுக்கு அரை நாள்; திருக்கேதீச்சரத்திற்கு முக்கால் மணி நேரம். பாலாவித் தீர்த்தத்தில் காலை நனைத்து நிமிர்வதற்குள் பேருந்து புறப்பட்டுவிடுமே! நாமே திட்டமிடுவது என்று அன்றே தீர்மானித்தேன்.

வட மாகாணப் பயணம் என்று பேரன் தாளின் தலைப்பில் எழுதினான். நமக்கோ அது தென்கிழக்கு. அதற்கும் முதலில் வடக்கே நாகப்பட்டினத்திற்குக் காரில் போகவேண்டும். அங்கிருந்து கப்பலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் பருவக்காற்றினால் கப்பல் நின்றுவிடும். பங்குனியில் கடல் அடங்கிக் கிடக்கும் என்று நம்மூர் மீனவப் பெரியவர் ஒருவர் சொன்னார். ஆகவே பங்குனி.

யாழ்ப்பாணத்தில் இரு நாட்கள்: நல்லூர்க் கந்தன், கீரிமலை நகுலேசுவரம். நல்லூர்த் திருவிழா ஆடி, ஆவணியில் நடைபெறுவது. அந்நெரிசல் எங்கள் வயதுக்கு ஆகாது. பின்னர் வவுனியா வரை ரயில். போரினால் 1990இல் நின்றுபோன அந்தத் தடம், 2014இல்தான் மறுபடி யாழ்ப்பாணத்தைத் தொட்டது. ஆனையிறவில் இருபுறமும் உப்பு நீர் விரிந்து கிடக்க, நடுவே வண்டி ஊர்ந்து செல்லுமாம். சன்னலோர இருக்கை வேண்டும் என்பது என் இல்லாளின் ஒரே நிபந்தனை. வவுனியாவிலிருந்து வாடகைக் காரில் திருகோணமலை. அங்கிருந்து மன்னார்ப் பக்கம் திரும்பித் திருக்கேதீச்சரம். பூநகரி வழியாக மீண்டும் யாழ்ப்பாணம்.

எல்லாம் எழுதி முடித்த மாலை, அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடியே கேட்டாள்.

"ஏங்க, சம்பந்தப் பெருமானே அக்கரைக்குப் போகவில்லையே. இராமேசுவரத்தில் நின்றுதானே இரண்டு தலத்தையும் பாடினார்? இந்தக் காலை வைத்துக்கொண்டு நாம் எதற்குக் கடல் தாண்ட வேண்டும்?"

நியாயமான கேள்வி. பாண்டியனும் மங்கையர்க்கரசியாரும் நம்மூர்க் குலச்சிறையாரும் உடனிருக்க, பெருமான் இராமேசுவரத்தில் தங்கித் திருக்கோணமலையையும் மாதோட்டத்துக் கேதீச்சரத்தையும் பாடினார் என்றும், பின்பு மணமேல்குடிக்கே எழுந்தருளினார் என்றும் சேக்கிழார் பெருமான் சொல்கிறார். பாடல் பெற்ற அவ்விரு கோயில்களையும் பின்னாளில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளினர். கேதீச்சரம் புதரடைந்து கிடந்து, ஆறுமுக நாவலர் முதலியோர் முயற்சியால்தான் மறுபடி வெளிப்பட்டது. இவையெல்லாம் அவளுக்கும் தெரியும். நான்தான் மறுமொழிக்கு மூன்று நாள் திணறினேன்.

நான்காம் நாள் சொன்னேன்: "பெருமான் இக்கரையில் நின்றே கண்டார். நமக்கு அந்தக் கண் இல்லை. அருகில் போனால்தான் தெரியும்."

அவள் சிரித்துவிட்டாள். "அப்பாவுக்காகப் போகிறேன் என்று நேரே சொல்லக் கூடாதா?" என்றாள்.

அதன்பின் திட்டத்தில் ஒரு திருத்தம் செய்தாள். கோணேசர் கோயில், பிரெட்ரிக் கோட்டைக்குள் புகுந்து ஏறும் சாலையின் முடிவில், கடலுக்கு மேலே செங்குத்தான பாறையில் இருக்கிறது. அங்கே ஓரிரவு என்று எழுதியிருந்ததை இரண்டாக்கினாள். முதல் நாள் ஏற இயலாவிட்டால் மறுநாள்; மறுநாளும் இயலாவிட்டால், "நான் கீழே நின்று கும்பிடுவேன். நீங்கள் மேலே போய் மாதுமையாளிடம் சொல்லிவிட்டு வாருங்கள். என்னை இழுக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். தைலக்குப்பியையும், பாலாவி நீர் கொண்டுவர ஒரு செப்புச் செம்பையும் பட்டியலில் சேர்த்தாள்.

தாளை மடித்து எடுத்துக்கொண்டு இருவரும் ஜெகதீசுவரர் கோயிலுக்குப் போனோம். நாயனார் திருவடியில் வைத்து எடுத்துத் தந்த குருக்கள், "புறப்பாடு எப்போது?" என்று கேட்டார்.

"பங்குனியில், கடல் இசைந்தால்" என்றேன்.

"முழங்காலும் இசைந்தால்" என்றாள் அவள்.