மல்லி மார்க்கெட்டில் ஒரு கஞ்சாக் கேள்வி

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மல்லிக்கு எதிரி சூரியன்தான். மொட்டு விரிவதற்குள் பறித்து, கமிஷன் கடைக்குக் கொண்டுவந்து, எடை போட்டு, வெளியூருக்கு அனுப்பியாக வேண்டும். புவிசார் குறியீடு 2013-ல் மதுரை மல்லியின் பெயரில் வந்தாலும், அந்த எல்லைக்குள் நிலக்கோட்டை இருக்கும் திண்டுக்கல் மாவட்டமும் உண்டு.

பூ கட்டும் பெண்களுடன் நாமும் தரையில் உட்கார்ந்தோம். நனைத்த வாழைநாரை நகத்தால் கீறி, நூலளவுக்கு மெலிதாக்கிக்கொள்கிறார்கள். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு. காம்போடு காம்பு சேர்த்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் கட்டு விழுந்துவிடுகிறது. இறுக்கினால் காம்பு நசுங்கும், தளர்த்தினால் பூ உதிரும். கண்ணுக்கு இதில் வேலையில்லை. பேச்சு நடக்க, விரல் பாட்டுக்குக் கட்டிக்கொண்டே போகிறது.

அவர்களில் ஒருவரின் மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். விடுப்புக்கு வந்தவர், அம்மாவுக்கு நார் கிழித்துக் கொடுத்தபடி கேட்டார்: "வடக்க கஞ்சாச் செடிக்கு லைசென்ஸ் கொடுக்குறாங்களாம்மா. இங்கயும் விட்டா ஊர்லயே கெடந்து பொழைக்கலாம்ல?"

அவர் சொன்னதில் உண்மை உண்டு. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்று வகைப்படுத்துவது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளை. நாருக்கும் விதைக்கும் செடியை வளர்க்க அரசு அனுமதி தரலாம் என்று அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வழியில் 2018-ல் உத்தராகண்ட் உரிமம் கொடுக்கத் தொடங்கியது. போதை தரும் டிஹெச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அங்கே மலைக்கிராமங்களில் இந்தச் செடியின் தண்டு நாரில் கயிறு திரிப்பதும், விதையில் சட்னி அரைப்பதும் பழைய வழக்கம். மருந்துக்கும் தொழிலுக்குமான சாகுபடிக்கு ஆதரவாக 2024-ல் இமாச்சலப் பிரதேச சட்டமன்றமும் தீர்மானம் போட்டது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. மேற்கே வருசநாட்டு மலையில் ரகசியமாகக் கஞ்சா பயிரான கதைகள் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அனுமதியில்லாமல் பயிரிட்டால் பத்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அம்மா சட்டத்துக்குள் போகவில்லை. "எல்லாரும் போட்டா எவன்டா வாங்குவான்? வெயில் காலத்துல மல்லி கொட்டுறப்ப பறிகூலிக்கே காணல. சென்ட் கம்பெனிக்காரன் சொல்றதுதான் வெல. மார்கழியில வெல ஏறுது, அப்ப செடியில பூ இல்ல."

தாய்லாந்து விவசாயிகளுக்கும் இந்தக் கணக்கு புரியும். 2022 ஜூனில் அந்த நாடு கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. வரத்து பெருகி விலை சரிந்தது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் கஞ்சாப் பூவை விற்கலாம் என்று அரசு பின்வாங்கியது. முந்தைய விதியை நம்பி முதல் போட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

மகனுக்கு அரை ஏக்கரில் மல்லி போடும் யோசனையும் இருக்கிறது. தண்ணீருக்கு என்ன வழி, பறிக்க ஆள் கிடைக்குமா என்று விசாரித்தார். "மொதல்ல கெணத்து மோட்டாரை மாத்தணும். அதுவரைக்கும் திருப்பூர்ச் சம்பளம் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, கட்டி முடித்த சரத்தை முழம் போடத் தொடங்கினார் அம்மா.