2,930 ரூபாய், ஏழு வாரம், ஒரு ரோலர்: அப்பாவின் மாருதி 800-க்கு நான் பெயின்ட் அடித்த கதை

வைப்பருக்கு அடியில் செருகியிருந்த விசிட்டிங் கார்டு அது. 'பழைய கார் வாங்கப்படும், உடனடி பணம்' என்று போட்டிருந்தது. அந்த மாதிரி வந்த முதல் மூன்றையும் அப்பா கிழித்துப் போட்டார். நான்காவதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் எனக்கு பயம் வந்தது.

மந்தைவெளியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், புங்க மரத்தடியில் நிற்கும் வெள்ளை மாருதி 800 எங்களுடையது. 'வெள்ளை' என்பது ஆர்.சி.யில் எழுதியிருக்கும் நிறம். பானெட்டையும் கூரையையும் தொட்டால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், கதவுகளின் அடிப்பக்கமெல்லாம் பெயின்ட் கொப்பளித்து, உள்ளே துரு.

2009 ஏப்ரலில் அப்பா வாங்கிய கார் அது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்து சேர்த்த பணம், மீதிக்கு பேங்க் லோன். அடுத்த ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு பி.எஸ்.4 விதி வந்து, இங்கே புது மாருதி 800 விற்பதே நின்றுவிட்டது. "மெட்ராஸ்ல கடைசியா 800 வாங்கினவங்கள்ல நானும் ஒருத்தன்" என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

2024 ஏப்ரலில் காருக்கு 15 வயது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 2022-லிருந்து அதற்குக் கட்டணமே 5,000 ரூபாய். பசுமை வரி தனி, இன்ஷூரன்ஸ் தனி. துருவெடுத்து முழு பாடிக்கும் பெயின்ட் அடிக்க ஒரு ஒர்க்‌ஷாப்பில் 28,000 கேட்டார்கள். பழைய வண்டி வாங்குபவர் சொன்ன விலை 22,000. வாழ்நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"நான் தர்றேன்ப்பா" என்றேன்.

"உன் சம்பளத்துல என் வண்டிக்கு பெயின்டா? வேணாம்மா. கூப்பிட்டா வாசலுக்கு ஆட்டோ வருது. போட்டுடலாம்."

கண்ணில் பிரச்னை வந்த பிறகு அப்பா வண்டி ஓட்டுவதில்லை, நான்தான் ஓட்டுகிறேன். அதனால் 'போட்டுடலாம்' என்பதை அவர் சாதாரணமாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால், அன்று ராத்திரி அவர் டார்ச்சோடு கீழே போய், வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததை பால்கனியிலிருந்து பார்த்தேன்.

எட்டு நிமிட வீடியோ

நான் வேலை பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில். 'வெறும் இவ்வளவு ரூபாயில்', 'ஐந்தே நிமிடத்தில்' என்று தலைப்பு வைப்பது எங்கள் அன்றாடம். அப்படி ஒரு தலைப்பில் நானே விழுந்தேன். வீட்டுக் கதவு, ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் இனாமல் பெயின்ட்டை, சின்ன ஸ்பான்ஜ் ரோலரால் காருக்கு அடிக்கும் வெளிநாட்டு வீடியோ. எட்டு நிமிடத்தில் கார் பளபளவென்று ஆகிவிட்டது. என் காருக்கு ஏழு வாரம் ஆனது.

முதலில் யோசனை கேட்டது எதிர்வீட்டு ஆட்டோ அண்ணனிடம். எஃப்.சி. காட்டப் போவதற்கு முன்னால் அவர் ஆட்டோவுக்கு அவரே பெயின்ட் அடிப்பார். மஞ்சள் டப்பா, ஒரு பிரஷ், ஒரு ஞாயிற்றுக்கிழமை. "தாராளமா அடிக்கலாம்மா. ஆனா அடிக்கிறது ஒரு நாள் வேலை, தேய்க்கிறதுதான் பத்து நாள் வேலை" என்றார்.

கலர் என்ன என்பதில் வீட்டில் ஒரு சின்ன விவாதம். அம்மாவுக்கு இளநீலம் வேண்டுமாம். ஆர்.சி.யில் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கும், மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதையும் திருத்த வேண்டும் என்பதால் வெள்ளையே முடிவானது. ரோலருக்கும் வெள்ளைதான் நல்லது. மெட்டாலிக் கலரில் இருக்கும் மினுமினுப்புத் துகள்கள் ரோலரில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும்.

'பி.யூ. பெயின்ட் வாங்குங்க, இன்னும் பளபளன்னு இருக்கும்' என்று கடையில் சொன்னார்கள். அதில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரைக்கும் கொண்டுபோய் விடும். அம்மா இருக்கும் வீட்டில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம் என்று சாதா இனாமலே வாங்கினேன். அம்மாவைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

தேய், கழுவு, மறுபடி தேய்

ஜனவரி கடைசியில் ஆரம்பித்தேன். எனக்கு மதிய ஷிப்ட், அதனால் காலை நேரம் என்னுடையது. சோப்புத் தண்ணீரில் கழுவி, டர்பன்டைன் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தேன். உலர்ந்து தேய்த்தால் பழைய பெயின்ட் தூள் மூக்குக்குள் போகும், நனைத்துத் தேய்த்தால் சேறாக வழிந்துவிடும். அப்படியும் மாஸ்க் போட்டுக்கொண்டேன். துரு இருந்த இடங்களை இரும்பு தெரியும் வரை சுரண்டி, ரெட் ஆக்சைடு ப்ரைமர் அடித்து, பள்ளங்களில் பட்டி பார்த்தேன். இதற்கே மூன்று வாரம் போய்விட்டது.

அப்பா அந்த மூன்று வாரமும் கீழே வரவில்லை. "தெருவுல உட்கார்ந்து காரைத் தேய்ச்சுட்டிருக்கா, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்று அம்மாவிடம் சொன்னாராம். பார்த்தவர்கள் நினைக்கவில்லை, நேராகவே கேட்டார்கள். "ஏம்மா, மெக்கானிக் வேலைக்குச் சேர்ந்துட்டியா?" என்று பால் பாக்கெட் போடுபவர் தினமும் கேட்டார்.

புதுப்பேட்டைக்கு ரப்பர் பீடிங் வாங்கப் போனபோது, "டூகோவா அடிக்கிறீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். நம்ம ஊரில் வண்டிக்கு ஸ்ப்ரே பெயின்ட் என்றாலே டூகோதான். அது உண்மையில் ஒரு பிராண்டின் பெயர். ஆரம்ப காலத்துக் கார்களுக்குப் பிரஷ்ஷால்தான் வார்னிஷ் அடித்தார்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்து வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் சீக்கிரம் காயும் 'டூகோ' லேக்கரைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்கள் அதைப் பூசிக்கொண்டு நீல நிறத்தில் வந்தன. அப்புறம்தான் ஸ்ப்ரே துப்பாக்கியின் காலம். இப்போது தொழிற்சாலையில் பாடியை ப்ரைமர் தொட்டியில் முக்கி, கலர் அடித்து, மேலே கிளியர் கோட் போட்டு, ஓவனில் வேக வைக்கிறார்கள். நான் ரோலரோடு நூறு வருஷம் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

முதல் கோட் அடித்த அன்று அழுகையே வந்துவிட்டது. பெயின்ட்டில் டர்பன்டைன் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவந்து, நான்கு இன்ச் ரோலரில் மெல்லிசாக ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினால் பழைய பெயின்ட், பட்டி, சிவப்பு ப்ரைமர் எல்லாம் அடியில் தெரிகிறது. வெண்குஷ்டம் வந்த மாதிரி நின்றது கார். இரண்டாவது கோட்டை டிக்கியில் கொஞ்சம் தாராளமாகவே அடித்தேன். மறுநாள் பார்த்தால் பாலாடை மாதிரி சுருங்கியிருந்தது.

"அதான் சொன்னேனேம்மா" என்றார் ஆட்டோ அண்ணன். இனாமல் இரண்டு கட்டமாகக் காயும். முதலில் டர்பன்டைன் ஆவியாகும். அப்புறம், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகும். தடிமனாக அடித்தால் மேலே மட்டும் தோல் கட்டிவிடும், உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். டிக்கியை முழுக்கச் சுரண்டி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

சென்னையில் இதற்கு நேரமும் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் தகரம் கொதிக்கும், பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து ரோலர் தடம் நின்றுவிடும். சாயங்காலம் அடித்தால் ராத்திரிப் பனி இறங்கி, காலையில் பளபளப்பு மங்கிப்போயிருக்கும். பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் இரண்டு மணி நேரம்தான். ஒரு நாளைக்கு ஒரு கோட். இரண்டு கோட்டுக்கு ஒரு தடவை 800 நம்பர் பேப்பரால் தேய்ப்பு. நடுவில் பானெட்டில் ஒரு காக்கா நடந்து போனது. ஒட்டிச் செத்த கொசுக்களுக்குக் கணக்கே இல்லை.

பின் கதவு

நான்காவது கோட் காய்ந்த நாளில் அப்பா கீழே வந்தார். ஒன்றும் பேசாமல் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். இடது பக்கப் பின் கதவுக்கு வந்ததும் நின்று, கையால் தடவினார்.

"இங்க ஒரு நெளிசல் இருந்ததே?"

"பட்டி பார்த்துட்டேன்ப்பா. எங்க இருந்துச்சுன்னே தெரியலை பாருங்க." எனக்கு அவ்வளவு பெருமை.

அப்பா பதில் சொல்லாமல் படியேறிப் போய்விட்டார்.

அந்த நெளிசல் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மா அன்று மாலை சொன்னார். 2019-ல் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த நாள். அடையாறில் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வண்டியை ரிவர்ஸ் எடுத்த அப்பா தூணில் இடித்துவிட்டார். இறங்கிக்கூடப் பார்க்கவில்லையாம். நான் அப்போது கல்லூரியில், பரீட்சை நேரம். எனக்கு விஷயத்தையே இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ரேடியேஷன், திங்கள் முதல் வெள்ளி வரை, 25 நாள். அத்தனை நாளும் இந்த 800-ல்தான் போய் வந்தார்கள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பாவிடம் போய், "தெரியாம பண்ணிட்டேன்ப்பா" என்றேன்.

"அதில்லம்மா. எத்தனையோ தடவை சரி பண்ணலாம்னு நினைச்சேன். அம்மாவுக்கு எல்லாம் நல்லபடியாப் போய்ட்டிருக்கு. இதைக் கை வெச்சு, ஏதாவது ஆயிடுச்சுன்னா…"

அவர் முடிப்பதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். "அஞ்சு வருஷமா அதைச் சரி பண்ணுங்கன்னு நான் கேட்கலையா? வண்டியில ஏறப் போறப்பல்லாம் அதுதான் கண்ணுல படும். அந்த நாள் அப்படியே ஞாபகம் வரும். இவ தெரியாம செஞ்சாலும் நல்லதுதான் செஞ்சிருக்கா."

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நெளிசலை அவர் காப்பாற்றி வந்தது அம்மாவுக்காக. அம்மா அதைப் பொறுத்துக்கொண்டது அப்பாவுக்காக. இரண்டு பேரும் இதைப் பேசிக்கொண்டதே இல்லை.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, பழைய லுங்கியோடு அப்பா கீழே நின்றார். "அந்தக் கதவை நான் அடிக்கிறேன். ரோலரைக் குடு."

கணக்கும் உண்மையும்

ஆறு கோட் முடித்து, 1500, 2000 நம்பர் பேப்பர் போட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் பாலிஷ் செய்தபோது மார்ச் பாதி. பங்குனிப் பெருவிழாவுக்கு மயிலாப்பூர் தயாராகிக்கொண்டிருந்தது. பில்களைக் கூட்டியது அப்பாதான். இனாமல் 2 லிட்டர் 700, டர்பன்டைன் 300, ப்ரைமர் 180, பட்டி 250, வாட்டர் பேப்பர் 450, ரோலரும் ட்ரேயும் 400, மாஸ்கிங் டேப் 200, காம்பவுண்ட் 300, கிளவுஸும் மாஸ்க்கும் 150. மொத்தம் 2,930 ரூபாய்.

நீங்களும் முயற்சி செய்யலாமா? ஐந்தடி தள்ளி நின்று பார்த்தால் புது வண்டி. கிட்டத்தில் வந்தால் சில இடங்களில் ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கும். ஓவனில் வெந்த பெயின்ட்டின் உறுதி இதற்கு வராது. வெயிலில் மங்கும், மறுபடி தேய்த்து அடிக்க வேண்டியிருக்கும். பின்னால் ஒர்க்‌ஷாப்பில் ஸ்ப்ரே அடிக்க நினைத்தால், இந்த இனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும். இல்லையென்றால், அவர்களின் தின்னர் பட்டதும் சுருண்டு எழும்பிவிடும். நல்ல விலைக்கு விற்க நினைக்கும் காரிலும், புதுக் காரிலும் ரோலரை வைக்காதீர்கள். விற்கவே போவதில்லை என்று முடிவு செய்த பழைய காருக்குத்தான் இது. அதற்கும் கைவசம் ஏழு வாரம் வேண்டும்.

ஏப்ரலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டினோம். சேஸிஸ் நம்பர், லைட், பிரேக் எல்லாம் பார்த்தார்கள். பெயின்ட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆர்.சி. 2029 வரை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. நான்காவது விசிட்டிங் கார்டு அப்பாவின் சட்டையோடு வாஷிங் மெஷினுக்குப் போய்க் கூழாகிவிட்டது.

அந்த மாதக் கடைசியில் அம்மாவுக்கு ஆறு மாதச் செக்கப். அடையாறுக்குக் கிளம்பினோம். அம்மா வண்டிக்குப் பக்கத்தில் வந்து, பின் கதவுக்கு நேராகக் கையை நீட்டி, தொடாமல் நிறுத்தினார்.

"காய்ஞ்சிடுச்சா? தொடலாமா?"

"அதெல்லாம் எப்பவோ காய்ஞ்சிடுச்சு, ஏறு" என்றார் அப்பா.

ரிப்போர்ட் நன்றாகவே வந்தது. ஆனால் அம்மா இன்றைக்கும் வண்டியில் ஏறும் முன் அதே கேள்வியைக் கேட்கிறார். அப்பாவும் அதே பதிலைச் சொல்கிறார்.