குறியெண் ஒன்று, பம்புகள் இரண்டு

முனைவர் பட்ட ஆய்வுக்காக, மேற்கிந்திய வேதி ஆலையொன்றில் 'பி-101ஏ' பம்பின் மூன்றாண்டு அதிர்வுப் பதிவுகளைத் திரட்டியிருந்தேன். இரண்டாம் ஆண்டின் நடுவே அதிர்வு சட்டெனத் தணிந்திருந்தது. பேரிங் மாற்றியதன் பயன் என்று கருதி ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன்.

பதிவேடுகளைச் சரிபார்க்கச் சென்றபோது, பராமரிப்புப் பிரிவின் மூத்த பணியாளர் சிரித்தார். "பேட்டா, அது நாற்காலியின் பெயர். உட்கார்ந்திருந்தவர் மாறிவிட்டார்" என்றார் இந்தியில். பழைய பம்பு பட்டறைக்குச் சென்று, பழுது நீங்கி, இப்போது வேறொரு குறியெண்ணின் கீழ் ஓடிக்கொண்டிருந்தது.

வரைபடத்திலுள்ள குறியெண் ஒரு பணியையே சுட்டுகிறது: இவ்வளவு திரவத்தை இவ்வளவு அழுத்தத்தில் செலுத்த வேண்டும் என்னும் வடிவமைப்புத் தேவை அது. அப்பணியைச் செய்யும் இரும்புக்கோ உற்பத்தியாளர் இட்ட வரிசை எண் தனியே உண்டு. செயல்முறை ஆலைத் தரவுகளுக்கான ஐஎஸ்ஓ 15926 தரத்தின் இரண்டாம் பகுதி, 2003இலேயே இவ்விரண்டையும் செயல்சார் பொருள், உருப்பெற்ற பொருள் எனப் பிரித்துவிட்டது. ஐஇசி 81346 தரமும் செயல், பொருள், இடம் மூன்றுக்கும் தனித்தனி முன்குறிகளை வைத்திருக்கிறது. இரண்டையும் என் முன்னுரையில் மேற்கோள் காட்டியவன் நான். ஆயினும் தரவு கேட்டபோது வரிசை எண்ணைக் கேட்கத் தோன்றவில்லை.

அத்தியாயத்தை நீக்கிவிட்டேன், ஆய்வேடு ஓராண்டு தள்ளிப்போகிறது. ஆலைத் தரவுகளோடு பணியாற்றும் நண்பர்கள் முதலில் இதைக் கேளுங்கள்: கையிலிருப்பது இருக்கையின் வரலாறா, அதில் இருந்தவரின் வரலாறா?