பாட்டே இல்லாத கேசட்

உனக்குப் பிடித்த ஆல்பம் எது என்று யாராவது கேட்டால் நீளமான லிஸ்ட் எல்லாம் என்னிடம் கிடையாது. இரண்டே இரண்டுதான். இரண்டிலும் பாட்டு கிடையாது, வாத்தியம் மட்டும்தான். பிரச்சனையே அங்கேதான் ஆரம்பித்தது.

1988ல் இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' வந்தபோது நான் ப்ளஸ் டூ. கணக்கு டியூஷனுக்கு அப்பா கொடுத்துவிட்ட பணத்தில் நெல்லை டவுனில் ஒரு கடையில் அந்தக் கேசட்டை வாங்கிவிட்டேன். (ஆமாம், டியூஷன் பணம்தான். முறைக்காதீர்கள்.) வீட்டு டூ-இன்-ஒன்னில் ஒரு பக்கம்தான் ஓடியிருக்கும். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா வாசலிலேயே நின்று கேட்டார்.

"ஏல, இதுல யாருல பாடுதா?"

யாரும் பாடவில்லை, புல்லாங்குழல் என்றேன். "பாட்டே இல்லாததுக்குத் துட்டா?" என்றார். துட்டு ஏது என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அடிக்கவில்லை. மறுநாள் அதே கடையில் கேசட்டைக் கொடுத்து, கந்த சஷ்டி கவசம் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். காலேஜ் முடிகிற வரை தினமும் சூலமங்கலம் சகோதரிகள்தான் என்னை எழுப்பினார்கள். முருகன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அப்பா மேல்தான். அதற்கப்புறம் அவரிடம் பாட்டைப் பற்றி மட்டுமல்ல, எதைப் பற்றியுமே அதிகம் பேசியதில்லை.

1995ல் வேலை கிடைத்து புனே வந்தேன். சதாசிவ் பேட்டையில் மாடி ரூம். ஹிந்தி தெரியாது, மராத்தி சுத்தம். ஆபீஸ் விட்டால் பேச ஆள் கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் கீழ்வீட்டிலிருந்து குழல் சத்தம். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அந்த மூச்சு தெரியும்! வீட்டுக்காரத் தாத்தா (எல்லாருக்கும் அவர் ஆஜோபா) உள்ளே கூப்பிட்டு ரெக்கார்டின் அட்டையைக் காட்டினார். 'கால் ஆஃப் தி வேலி', 1967. சிவ்குமார் சர்மாவின் சந்தூர், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிதார், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல். நான் பறிகொடுத்த கேசட்டில் ராஜாவுக்கு வாசித்த அதே சௌராசியா.

காஷ்மீரில் ஆடு மேய்ப்பவன் ஒருவனின் ஒரு நாள் பொழுது, விடியலில் இருந்து இரவு வரை. அவ்வளவுதான் கதை. காலைக்கு ஆஹிர் பைரவ், அதாவது நம்ம சக்கரவாகம். ஹிந்துஸ்தானி என்றாலே இழுவை என்று நினைத்திருந்தவனுக்கு அன்றைக்கு வேறொரு கதவு திறந்தது. பிறகு ஆஜோபாவோடு சவாய் கந்தர்வ விழாவுக்குப் போய் ராத்திரி முழுக்கக் குளிரில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் தனிக்கதை.

சௌராசியாவின் அப்பா மல்யுத்தக்காரர். மகனையும் பயில்வானாக்கத்தான் ஆசைப்பட்டார். மகன் அவருக்குத் தெரியாமல் இசை கற்றுக்கொண்டார். இதைப் படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் ரொம்ப அல்பமானது. இருந்தாலும் வந்தது.

2011ல் அம்மா போன பிறகு அப்பாவை புனேக்குக் கூட்டி வந்தேன். சரியாகச் சாப்பிடுவதில்லை. பால்கனியில் நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கும் என்ன பேசுவது என்று தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 'கால் ஆஃப் தி வேலி' சிடியைப் போட்டுவிட்டு, அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். பாதிக்கு மேல், பூப் ராகம் ஆரம்பித்த இடத்தில் அவர் கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது.

"மோகனம்லா இது?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவருக்கு எப்படி? கோயில் கொடையில் விடிய விடிய நாகஸ்வரம் கேட்பாராம். அம்மாவைக் கட்டுவதற்கு முன்னால், சைக்கிளில் ஊர் ஊராகப் போய்! இருபத்தி மூன்று வருஷத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

சிடி முடிந்ததும் மெதுவாக டியூஷன் பணத்தை ஞாபகப்படுத்தினேன். உங்களுக்கு நினைவிருக்கிறதா அப்பா, அந்தக் கேசட்?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நினைவில்லாம என்னல? மாத்தும்போது அந்தக் கடைக்காரன் அஞ்சு ரூவா கொறச்சுல்லா எடுத்தான்" என்றார்.