டிரைப் நின்ற இடம்

படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. இருபுறமும் தூண்கள், பக்கவாட்டில் நுழையும் வெளிச்சம், நெடுந்தூரம் ஓடி மறையும் கல்தரை. 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுரைப் புதுமண்டபத்தில் லின்னேயஸ் டிரைப் எடுத்த படம் அது. தென்பக்க நடை, மேற்கு முகப்பிலிருந்து பார்த்தபடி என்று அவரே தலைப்பும் கொடுத்திருக்கிறார். அவர் கேமராவை வைத்த அதே இடத்தில் நின்று அதே படத்தை இன்று எடுக்க முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் கிளம்பினேன்.

டிரைப், சென்னை ராணுவத்தில் கேப்டன். மாகாண அரசின் புகைப்படக்காரராகவும் அமர்த்தப்பட்டவர். ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகு ஏற்றிய காகிதம்தான் அவருடைய நெகட்டிவ். அதன் மேல் தாளை நேராக அழுத்தி அச்செடுத்ததால், படம் எந்த அளவோ நெகட்டிவும் அந்த அளவு: ஏறக்குறைய 12க்கு 15 அங்குலம். அத்தனை பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் ஊர் ஊராகப் போயிருக்கிறார். ஒளி குறைந்த மண்டபத்துக்குள் காகித நெகட்டிவில் படம் பதிய வெகுநேரம் பிடிக்கும். அதற்குள் குறுக்கே நடந்து போகிறவர் படத்தில் நிற்க மாட்டார்.

புதுமண்டபம் திருமலை நாயக்கர் எழுப்பியது. மீனாட்சியம்மன் கோவிலின் கீழக்கோபுரத்துக்கு எதிரே, வசந்த விழாவுக்காக. நீளம் 333 அடி, அகலம் 105 அடி. நான்கு வரிசைத் தூண்கள். நடுவில் ஒரு நடை, இருபக்கமும் ஒவ்வொன்று.

முதல் முறை நான் போனபோது கடைகள் அங்கேயே இருந்தன. வளையல், பாத்திரம், புத்தகம், அப்புறம் தையல் மிஷின்கள். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கான உடுப்பெல்லாம் அப்போது இங்கேதான் தைத்தார்கள். படத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு தூண்களைத் தேடினேன். துணிதான் தெரிந்தது. "தம்பி, எந்தத் தூணப் பாக்கணும்? சொல்லுங்க, துணிய விலக்குறேன்" என்றார் ஒரு தையல்காரர். ஒரு தூணை விலக்கிக் காட்டவும் செய்தார். ஆனால் ஒரு தூண் போதாது.

ஏன் போதாது? பழைய படத்தில் அருகிலுள்ள தூணின் விளிம்பும் தூரத்துத் தூணின் விளிம்பும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்று பார்க்க வேண்டும். அரையடி இடம் தள்ளி நின்றாலும் அந்த இடைவெளி மாறிவிடும். முன்னே போனால் அருகிலிருப்பது பெருக்கும்; பின்னே வந்தால் சிறுக்கும். லென்ஸை மாற்றினால் படத்தின் எல்லைதான் மாறும், தூண்கள் ஒன்றையொன்று மறைக்கும் விதம் மாறாது. அமெரிக்க மேற்கின் பழைய படங்களை 1977 முதல் தேடிப்போய் மறுபடி எடுத்த மார்க் கிளெட் குழுவினரும் இப்படித்தான் இடம் பிடித்தார்கள். வரிசையாகத் தூண் நிற்கும் மண்டபத்தைவிட இந்த வேலைக்குத் தோதான கட்டடம் கிடையாது.

பிறகு கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. அடுத்து வந்த தை மாதத்தில் மறுபடி போனேன். மாதம் முக்கியம். தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்; தென்பக்க நடைக்குள் வெயில் சரிந்து விழும். சித்திரையில் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே நிற்கும். வைகாசி, ஆனியில் அது வடக்கே போய்விடும். படத்தையும் தூண்களையும் மாற்றி மாற்றிப் பார்த்து, இடப்பக்கம் நகர்ந்து, குனிந்து, மறுபடி பின்னால் வந்து, கடைசியில் இரண்டு விளிம்புகளும் தொட்டுக்கொண்ட நொடியில் உடம்பு சிலிர்த்தது. அந்தக் கனத்த பெட்டியின் கால்கள் இங்கேதான் ஊன்றியிருக்க வேண்டும்.

எடுத்த படம் டிரைப்பின் படத்தைப் போலவே வெறிச்சென்று இருந்தது. அது மகிழ்ச்சியாகவும் இருந்தது, ஏதோ குறைந்தது போலவும் இருந்தது. இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு சத்திரத்துக்குப் போய், அந்தத் தையல்காரரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய படத்தை ஓரமாக வைத்தார். புதியதில் தூண்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போய், ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இந்தா, இங்கனதான் என் மிஷின் கெடந்துச்சு."