கேள்வி போகட்டும், பாடத்தைக் கேள்

சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ நெட்வொர்க்கிங் தேர்வு எழுதிவிட்டு வருகிறவனை, அடுத்து எழுதப்போகிறவன் மடக்கிப் பிடித்து முதலில் கேட்பது, "மச்சான், என்னென்ன கேட்டான்?" என்பதுதான். கூட்டாளிக்கு உதவினால் என்ன தப்பு என்று இவனுக்கும் வாய் துறுதுறுக்கும்.

தப்புதான் தம்பி. முதல் கேள்வி திரைக்கு வருமுன்பே ரகசியக் காப்பு ஒப்பந்தம் வந்து நிற்கும். ஏற்றுக்கொண்டால்தான் தேர்வு. படிக்காமலே தட்டிவிட்டுப் போனாலும் வாக்கு வாக்குதான். "சப்நெட்டிங்கை மட்டும் நல்லாப் பாத்துக்கோ, அதுலதான் நிறைய வந்துச்சு" என்று ஜாடையாகச் சொல்வதும் அதை மீறுவதுதான். மீறினது தெரிந்தால் சிஸ்கோ மதிப்பெண்ணை ரத்து செய்யும், சான்றிதழைப் பறிக்கும், மறுபடி எழுத விடாமலும் தடுக்கும்.

அப்படியானால் எதைத்தான் பேசுவது? சிசிஎன்ஏவுக்கான 200-301 தேர்வின் பாடத்திட்டம் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. ஐபி கனெக்டிவிட்டிக்கு 25 சதவீதம், பாதுகாப்பு அடிப்படைகளுக்கு 15 என்று பங்கு பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். அதில் எந்தத் தலைப்பையும் விடிய விடியப் பேசலாம்.

பேசுவதைவிடச் செய்து பார்ப்பது மேல். பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளில் இரண்டு ரவுட்டர்களை ஓஎஸ்பிஎஃப் என்ற ரவுட்டிங் நெறிமுறையில் இணை. ஒரு பக்கம் மட்டும் ஹலோ டைமரை 10 விநாடியிலிருந்து 5 ஆக மாற்று. ஒரு நிமிடத்துக்குள் நெய்பர் பட்டியல் காலியாகிவிடும். கேபிளைப் பார்த்தால் இணைப்பு இருக்கும். நேர் எதிரே உள்ள ரவுட்டருக்குப் பிங்கும் போகும். ஆனாலும் ஓஎஸ்பிஎஃப்பில் இரண்டும் பேசிக்கொள்ளாது. இரு பக்கத்து இன்டர்ஃபேஸ் விவரங்களையும் ஒப்பிட்டு நீயே காரணத்தைக் கண்டுபிடித்தால் அது ஆயுசுக்கும் மறக்காது. தேர்வுக் கேள்விகளைத் திருட்டுத்தனமாகத் தொகுத்து விற்கும் 'டம்ப்ஸ்' வாங்கி மனப்பாடம் செய்தவன், கேள்வியில் ஓர் எண் மாறினாலே திணறுவான். அதில் இருக்கும் விடைகள் சரிதானா என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. நாளை வேலைக்குப் போனால் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் வரைபடம், ஃபயர்வால் விதிகள், ரவுட்டர் கடவுச்சொல் எல்லாம் உன் கைக்கு வரும். அப்போது உன் திறமையைப் போலவே உன் வாய்க்கட்டுக்கும் விலை உண்டு. அந்தப் பழக்கம் வேலை உத்தரவோடு சேர்ந்து வராது. தேர்வு அறையிலேயே தொடங்க வேண்டும்.

ஆகவே நண்பன் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. "கேள்வியைச் சொல்ல மாட்டேன்டா. உனக்கு எது புரியலைன்னு சொல்லு, உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்" என்று சொல். அவன் தேறுவதற்கு அதுவே போதும்.