திரும்பி வந்த மின்சாரம்

மின்சாரம் போவதனால் யந்திரங்களுக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. திரும்பி வருகிறதே, அந்தச் சமயந்தான் விபரீதம். தெருவிலுள்ள விசிறிகளும் குளிர்ப்பெட்டிகளும் ஏககாலத்தில் விழித்துக்கொள்ள, 230 வோல்ட்டில் நிதானமாக வரவேண்டிய மின்சாரம் சில கணங்கள் ஏறியும் இறங்கியும் தடுமாறுகிறது.

2016 டிஸம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னைக்கருகே கரை கடந்தபோது, காஞ்சீபுரத்தில் நமது தெருவும் இரண்டு இரவுகள் இருளில் கிடந்தது. அண்டை வீட்டு நெசவாளருக்கு அதனால் குறைவொன்றுமில்லை. குழித்தறிக்கு ஜன்னல் வெளிச்சம் போதாதா? மூன்றாம் நாள் மின்சாரம் வந்தது. கூடவே அவருக்குக் கவலையும் வந்தது.

"வாத்தியார் ஸார்! நம்ம கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறதே!"

பன்னிரண்டு வயதான யந்திரம் அது. அவருடைய தகப்பனார் கட்டக் காகிதத்தில் வரைந்த கரைகளும் முந்திகளும் அதற்குள்ளேதான் இருந்தன. காகிதங்களைக் கறையான் தின்று வெகு காலமாகிவிட்டது. தை பிறந்தால் ஒரு கல்யாணப் புடவை கொடுத்தாக வேண்டும். அதற்கு அட்டை குத்த வேண்டிய கரையும் அதிலேதான். பழுது பார்க்கும் கடைக்காரரோ, "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நவம்பர் 8-ந் தேதி பழைய நோட்டுகள் செல்லாதென்று அறிவித்து, ஊரே பாங்கி வாசலில் நின்றுகொண்டிருந்த சமயம். புதிதுக்கு எங்கே போவது?

நெசவாளருக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு 1804-ல் தமது துளை அட்டைத் தறிக்கு உரிமை பெற்றார். அந்த அட்டைகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் பாபேஜ் தமது கணித யந்திரத்துக்கும் அட்டைகளை வகுத்தார். 1890-ல் அமெரிக்க ஜனக் கணக்கைத் துளை அட்டைகளே எண்ணின. ஆகவே, தறியின் பேரப்பிள்ளை ஒன்று தறிக்காரர் வீட்டில் மூர்ச்சையாய்க் கிடந்தது என்று சொல்வதில் தவறில்லை.

நாம் பௌதிகம் படித்தவர்களே யொழிய வைத்தியர் அல்ல. ஆயினும் சுலபமானதை முதலில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். அதே பிளக்கில் மேஜை விளக்கைச் சொருகினோம், எரிந்தது. மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, வோல்ட்டேஜ் மிகுந்தால் தன்னைத்தானே பூட்டிக்கொள்வதுண்டு. கம்பியைப் பிடுங்கி, பொத்தானை அரை நிமிஷம் அழுத்தியபடி இருந்தால் தேங்கிய மின்சாரம் வடிந்து பூட்டு விடும். (அந்தப் பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். கம்பியைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் உள்ளே தங்கியிருக்கக்கூடும்.) மறுபடி சொருகிப் பொத்தானை அழுத்தினோம். விசிறி சுழன்றது. ஆனால் திரையில் ஒன்றுமில்லை. நீளமாகக் கூவிக் கூவி நின்றது.

அந்தக் கூவலுக்கு அர்த்தம் உண்டு: 'ராம்' என்னும் ஞாபகப் பட்டை சரியாகத் தொடவில்லை. மறுபடி கம்பியைப் பிடுங்கிவிட்டு, பட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பையன்களின் ரப்பரால் துடைத்துப் பொருத்தினோம்.

திரை வெளுத்தது! ஆனால் தேதி 2002 என்று காட்டிவிட்டு, மேலே நகர மறுத்தது. நெசவாளரின் முகம் மறுபடி வாடியது.

"பயப்படாதீர்கள், அண்ணே. இது மறதிதான்."

உள்ளே மூன்று வோல்ட் நாணய பாட்டரி ஒன்று, மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தையும் அமைப்புகளையும் காத்துவருகிறது. அது எப்போதோ உயிரை விட்டிருக்க வேண்டும். சுவரிலிருந்து சதா மின்சாரம் வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் இருட்டு அதைக் காட்டிக் கொடுத்துவிட்டது. கடிகாரக் கடையில் புதிது வாங்கிப் போட்டுத் தேதியைத் திருத்தினோம்.

கரைகள் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றின: மயில், அன்னம், ருத்திராக்ஷம், கோபுரம். நெசவாளர் வாயைத் திறக்கவில்லை. அவர் சம்சாரந்தான், "மாமா போட்ட கோபுரம்" என்றார்.

இரண்டு பென் டிரைவ்களில் பிரதி எடுத்தோம். ஒன்று அவர்கள் பெட்டியில். மற்றொன்று நமது மேஜையில். அட்டை குத்துபவரிடம் அன்று சாயங்காலமே ஆள் போயிற்று.